பல் சிகிச்சையில் லேசர்: நாற்காலியில் அமர்வதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவை

மதுரைப் பக்கத்தில் லேசர் என்ற சொல்லைப் பலர் முதன்முதலில் கேட்டது கண் மருத்துவமனையில்தான். 1976ஆம் ஆண்டு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த ஊரில் இருப்பதால், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டு லேசர் சிகிச்சை பெற்ற ஒருவரையாவது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அதே சொல் கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் பைபாஸ் சாலையிலும் பல் மருத்துவமனைகளின் பலகைகளில் காணப்படுகிறது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பல்வலியோடு பேருந்து ஏறி வருபவரிடம், "லேசரில் செய்துவிடலாம்" என்று சொல்லப்படும்போது, அது எந்த லேசர், எதற்காக, அது இல்லாமல் செய்ய முடியாதா என்று கேட்பதற்கு அவருக்கு வழி தெரிவதில்லை. அந்த வழியைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிப்படையான செய்தி ஒன்றை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எல்லா வேலைக்கும் பொதுவான பல் லேசர் என்று ஒரு கருவி கிடையாது. ஒவ்வொரு லேசரும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் ஒளியை வெளியிடுகிறது. அந்த ஒளியை உடலின் எந்தப் பொருள் உறிஞ்சிக்கொள்கிறதோ, அதன்மேல்தான் அது வேலை செய்யும். சித்திரை வெயிலில் காயும் கருப்புத் துணி வெள்ளைத் துணியைவிட விரைவாகச் சூடாவதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இங்கும். வாய்க்குள் லேசர் ஒளியை உறிஞ்சக்கூடியவை முக்கியமாக நான்கு: இரத்தத்தின் ஹீமோகுளோபின், ஈறுக்குக் கருநிறம் தரும் மெலனின், எல்லாத் திசுக்களிலும் உள்ள நீர், பல்லையும் எலும்பையும் கெட்டியாக்கும் ஹைட்ராக்சிஅபடைட் என்ற கனிமம். ஈறை அழகாக வெட்டும் ஒரு கருவியால் சொத்தைப் பல்லைக் குடைய முடியாமல் போவது இதனால்தான்.

முதல் படி: சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

மருத்துவரிடம் லேசரைப் பற்றிக் கேட்பதற்கு முன், உங்கள் சிக்கல் ஈறு, உதடு, நாக்கு, கன்னத்தின் உட்பகுதி போன்ற மென்திசுவில் இருக்கிறதா, பல், எலும்பு போன்ற வன்திசுவில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே எந்தெந்த லேசர்கள் உங்களுக்குப் பொருந்தும், எவை பொருந்தாது என்பதில் பாதி தெளிந்துவிடும். சொத்தை, பல் கூச்சம், வேர் சிகிச்சை ஆகியவை பல்லைச் சார்ந்தவை. ஈறு வீக்கம், பாதி முளைத்த ஞானப்பல்லின்மேல் மூடி நிற்கும் ஈறு, நாக்கு ஒட்டியிருத்தல், கன்னத்தில் வெள்ளைத் திட்டு ஆகியவை மென்திசுவைச் சார்ந்தவை.

இரண்டாம் படி: லேசரின் பெயரைக் கேளுங்கள்

உங்கள் ஊர்ப் பல் மருத்துவமனையில் லேசர் இருக்கிறது என்றால், அது டையோடு லேசராக இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய பெட்டி, அதிலிருந்து மெல்லிய கண்ணாடி இழை, அதன் நுனியில் மருத்துவர் பிடித்துக்கொள்ளும் பேனா போன்ற பகுதி என்ற அளவில்தான் அது இருக்கும். 810, 940, 980 நானோமீட்டர் அலைநீளங்கள் இதில் வழக்கமானவை. இவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஈறின்மேல் தெரியும் சிவப்புப் புள்ளி, ஒளி எங்கே விழுகிறது என்று காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்ட வழிகாட்டி ஒளி மட்டுமே. ஹீமோகுளோபினும் மெலனினும் இந்த ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், ஈறை வெட்டும்போதே இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. வெட்டுவதற்கு முன் இழையின் நுனியைக் கார்க்கிலோ, பல் கடியைக் குறிக்கப் பயன்படும் நிறத்தாளிலோ தொட்டுக் கருக்குவது வழக்கம். அந்தக் கருத்த நுனி ஒளியை உறிஞ்சிச் சூடாகி ஈறை வெட்டுகிறது. மருத்துவர் இப்படிச் செய்வதைப் பார்த்து அஞ்ச வேண்டாம்.

டையோடு லேசரின் உண்மையான பலன் இத்தகைய சிறிய ஈறு வேலைகளில் தெரியும். கம்பி போட்ட பிள்ளைகளுக்கு வளர்ந்து பல்லை மூடும் ஈறு, கேப் வைப்பதற்கு அளவெடுக்கும்போது விலக்க வேண்டிய ஈறு, மேலுதட்டை ஈறோடு இழுத்துப் பிடிக்கும் மடிப்பு, தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேரான இம்பிளான்ட்டின்மேல் மூடிய ஈறைத் திறத்தல் ஆகியவற்றில் இரத்தம் குறைவு. பெரும்பாலும் தையலும் தேவைப்படாது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களுக்கும் வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர்களுக்கும் ஈறு தடித்து வளர்வதுண்டு. அவர்களுக்கு லேசரில் ஈறைக் குறைக்கலாம். ஆனால் மருந்தைப் பற்றி அதைக் கொடுத்த மருத்துவரிடமும் பேசாமல், பல் சுத்தத்தையும் கவனிக்காமல் இருந்தால் ஈறு மறுபடி வளரும்.

கருத்த ஈறை லேசரில் சிவப்பாக்குவது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் திருமணத்துக்கு முன் பெண் பிள்ளைகளை இதற்கென்றே அழைத்து வரும் குடும்பங்கள் உண்டு. நம் பகுதியில் பெரும்பாலானோருக்கு ஈறு கருத்திருப்பது இயல்பு. அது மெலனின்தானே தவிர நோயன்று. அதை நீக்காவிட்டால் பல்லுக்கு எந்தக் கேடும் வராது. டையோடு லேசரால் அந்த மேல்படலத்தை நீக்க முடியும் என்பதும், புண் ஆறியபின் ஈறு இளஞ்சிவப்பாகத் தெரியும் என்பதும் உண்மை. காலப்போக்கில் நிறம் மீண்டும் படியக்கூடும் என்பதும் அதே அளவு உண்மை. அந்தப் பெண்ணே விரும்பிக் கேட்டால் செய்துகொள்ளட்டும். மாப்பிள்ளை வீட்டாருக்காகச் செய்ய வேண்டிய சிகிச்சை இது அன்று என்பதே என் உறுதியான கருத்து.

என்.டி. யாக் என்பது 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட மற்றொரு லேசர். டையோடைவிட ஆழமாகத் திசுவுக்குள் செல்லக்கூடியது; ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உண்டாகும் பைகளில் பயன்படுத்துகிறார்கள். இம்பிளான்ட் உள்ள இடத்தில் இதைப் பயன்படுத்தினால் டைட்டானியத்தின் மேற்பரப்பு உருகிச் சேதமடையக்கூடும் என்பதால், வாயில் இம்பிளான்ட் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் என்ற இந்தியர். 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்த ஒளியை நீர் வலுவாக உறிஞ்சுவதால், அது திசுவின் மேற்பரப்பிலேயே நின்று சீராக ஆவியாக்குகிறது. சாதாரணக் கண்ணாடி இழை வழியாக இவ்வொளி செல்லாது. கண்ணாடிகள் பொருத்திய மடங்கும் கை ஒன்றின் வழியாகவோ, உள்ளீடற்ற குழாய் வழியாகவோ வரும். கருவியும் பெரியது, விலையும் அதிகம். வாய், முக அறுவை சிகிச்சை நிபுணர்கள் வெள்ளைத் திட்டுகளையும் வாயில் வளரும் சிறு கட்டிகளையும் நீக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். இதே குடும்பத்தில் 9,300 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புதிய வகை ஒன்று பல்லின் கனிமத்தாலும் உறிஞ்சப்படுவதால், ஈறு, பல் இரண்டிலும் வேலை செய்யும்.

பல்லை வெட்டும் லேசர் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது எர்பியம் குடும்பம். எர்பியம் யாக் 2,940 நானோமீட்டரிலும், எர்பியத்தோடு குரோமியமும் சேர்ந்த மற்றொரு வகை 2,780 நானோமீட்டரிலும் இயங்குகின்றன. நீர் மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளம் 2,940 நானோமீட்டரை ஒட்டியே அமைந்திருக்கிறது. பல்லின் வெளி ஓடான எனாமலுக்குள்ளும் அதற்கு அடியிலுள்ள டென்டினுக்குள்ளும் இருக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் இந்த ஒளி பட்டவுடன் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் ஆவியாகி வெடிக்க, அந்த வெடிப்பு பல்லின் துகள்களைப் பெயர்த்துத் தள்ளுகிறது. நாற்காலியில் இருப்பவருக்கு இது தொடர்ந்து பொரியும் ஒலியாகக் கேட்கும். கூடவே நீர்த்தூறல் வந்துகொண்டே இருக்கும். நல்ல எனாமலைவிடச் சொத்தை பிடித்த பகுதியில் ஈரம் அதிகம் என்பதால், சொத்தை எளிதாக நீங்கும். நல்ல பகுதி கூடியவரை தப்பும்.

இந்த நீர்த்தூறல் ஏன் இன்றியமையாதது என்பதைப் புரிந்துகொள்ள வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை மாணிக்கப் படிகத்தைக் கொண்டு உருவாக்கிய சில ஆண்டுகளிலேயே, அதைப் பல்லின்மேல் செலுத்திப் பார்த்தார்கள். எனாமல் உருகியது, வெடித்தது. அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே பரவிய வெப்பம். பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் கூழ் வெப்பத்தைத் தாங்காது. 1965இல் குரங்குகளின் பற்களில் செய்யப்பட்ட ஆய்வில், கூழின் வெப்பநிலை 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோதே சில பற்களின் கூழ் மீளாமல் போனது. எர்பியம் லேசர் தோன்றி, நீரால் குளிர்விக்கும் முறையும் சேர்ந்த பிறகுதான், 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் பல்லை வெட்டும் லேசருக்கு அனுமதி கிடைத்தது. ஆகவே, டையோடு லேசரால் சொத்தையைக் குடைந்து அடைத்துவிடுவதாக யாராவது சொன்னால், அங்கே மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

எர்பியம் லேசரில் டிரில்லின் அதிர்வும் கீச்சொலியும் இல்லை. மரத்துப்போகும் ஊசி இல்லாமலே சிலருக்குச் சிறு சொத்தைகளை அடைத்துவிட முடிகிறது. எல்லோருக்கும் அப்படி வலி தெரியாமல் இருக்கும் என்று உறுதி கூற முடியாது. டிரில்லைவிட இது மெதுவாகவே வேலை செய்யும். பழைய வெள்ளி அடைப்பு, தங்க அடைப்பு ஆகியவற்றின்மேல் இதைப் பயன்படுத்தக் கூடாது. அவற்றை அகற்ற டிரில்லே வேண்டும். வேர் சிகிச்சையில், வேர்க்குழாயில் நிரப்பிய கழுவும் திரவத்தை எர்பியம் ஒளியால் விசையோடு சுழலச் செய்து மூலைமுடுக்குகளைச் சுத்தம் செய்யும் முறையும் வந்திருக்கிறது.

வெட்டாத லேசர்களும் உண்டு. 655 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பல்லின்மேல் செலுத்தி, திரும்பி வரும் ஒளிர்வைக் கொண்டு மறைந்த சொத்தையை எண்ணாகக் காட்டும் கருவி அவற்றுள் ஒன்று. வெற்றிலைக் கறையும் காரையும் படிந்த பல்லில் இந்த எண் பொய்யாக உயரும் என்பதால், பல்லைச் சுத்தம் செய்த பிறகே அதைப் பார்க்க வேண்டும். அந்த எண்ணை மட்டும் நம்பிப் பல்லைக் குடைய ஒப்புக்கொள்ளக் கூடாது. மற்றொன்று, குறைந்த ஆற்றலில் சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளியைத் திசுவுக்குக் கொடுக்கும் முறை. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுபவர்களுக்கு வாய் முழுதும் வெந்து புண்ணாகி, கஞ்சிகூட இறங்காத நிலை வருவதுண்டு. அதைத் தடுக்க இந்த ஒளிச் சிகிச்சை உதவும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது; பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல்களும் இதைப் பரிந்துரைக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது அத்தகைய கதிர்வீச்சுக்குச் செல்ல இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே இதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். லேசர்களிலேயே மனிதருக்கு மிகுந்த ஆறுதல் தருவது இதுதான் என்று நான் கருதுகிறேன், ஆனால் எந்தப் பலகையிலும் இது பெரிதாக எழுதப்படுவதில்லை.

மூன்றாம் படி: லேசர் தேவைதானா என்று கேளுங்கள்

லேசர் இல்லாமல் இதே சிகிச்சையைச் செய்தால் என்ன வேறுபாடு, இரண்டுக்கும் கட்டணம் எவ்வளவு என்று நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. நேர்மையான மருத்துவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். ஈறு நோய்க்கு வழக்கமாகச் செய்யும் ஆழ்ந்த சுத்தத்தோடு லேசரையும் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன், ஆய்வுகளில் சிறிதாகவோ ஆளுக்கு ஆள் மாறுவதாகவோதான் காணப்படுகிறது. சுத்தத்தைச் சரியாகச் செய்யாமல் லேசரை மட்டும் காட்டிச் செல்வது ஈறைக் காப்பாற்றாது. பல்லை வெளுப்பாக்கும் சிகிச்சையிலும் வேலை செய்வது பெராக்சைடு மருந்துதான். அதன்மேல் லேசர் ஒளியைச் செலுத்துவதால் நிலைத்த வெண்மை கூடுவதில்லை.

பச்சிளம் குழந்தைக்கு நாக்கு ஒட்டியிருப்பதாகச் சொல்லி லேசர் வைக்கப் பரிந்துரைத்தால், குழந்தை பால் குடிக்கத் திணறுகிறதா, எடை கூடுகிறதா என்று குழந்தை மருத்துவரிடம் காட்டிய பிறகு முடிவெடுங்கள். பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு அதை அவசரமாக வெட்ட வேண்டியதில்லை.

கருவியை இயக்குபவர் யார் என்பதும் இங்கே கேட்க வேண்டியது. தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற பல் மருத்துவர்தான் லேசரைக் கையாள வேண்டும், உதவியாளர் அன்று. கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், அல்லது இரண்டாவது கருத்து வேண்டுபவர்கள், அரசு இராசாசி மருத்துவமனையின் பல் பிரிவிலோ நகரிலுள்ள பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ காட்டிக் கேட்கலாம்.

நான்காம் படி: உங்கள் உடல்நிலையை மறைக்காமல் சொல்லுங்கள்

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கர்ப்பம், வலிப்பு, ஒளியால் தோல் எளிதில் புண்படும்படி செய்யும் மருந்துகள் ஆகிய அனைத்தையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு மின்சாரத்தால் ஈறை வெட்டும் கருவி சிக்கல் தரலாம். லேசரில் உடலுக்குள் மின்சாரம் பாய்வதில்லை என்பதால், அவர்களுக்கு இது பொருத்தமான மாற்று. எக்ஸ்ரேயைப் போன்ற கதிர்வீச்சு லேசரில் கிடையாது என்பதையும், அந்த அச்சம் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

புகையிலையும் பாக்கும் போடும் பழக்கத்தை மறைப்பவர்கள்தான் அதிகம். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் பகுதிக்குப் பெருமை. கேடு அந்த இலையோடு சேரும் பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004இல் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. இப்பழக்கம் உள்ளவரின் கன்னத்திலோ நாக்கிலோ வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தால், சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பாமல் அதை லேசரில் ஆவியாக்கிவிட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஆவியாகிப் போன திசுவை நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. உள்ளே புற்றுநோய் தொடங்கியிருந்தால் அதை அறியும் வாய்ப்பும் அதோடு போய்விடும். இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சிகிச்சை அறையில் கவனிக்க வேண்டியவை

பல் மருத்துவத்தில் வெட்டப் பயன்படும் லேசர்கள் நான்காம் வகுப்பு எனப்படும் மிக அதிக ஆற்றல் வகையைச் சேர்ந்தவை. கருவியை இயக்குமுன் மருத்துவர், உதவியாளர், நீங்கள், உடன் வந்து அறையில் நிற்பவர் ஆகிய அனைவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. சரியான கண்ணாடியின் சட்டத்திலோ வில்லையிலோ அது எந்த அலைநீளத்தைத் தடுக்கும் என்று எண்ணில் அச்சிடப்பட்டிருக்கும். டையோடுக்கு உரிய கண்ணாடி எர்பியத்தைத் தடுக்காமல் போகலாம். டையோடு, என்.டி. யாக் ஒளிகள் விழித்திரைவரை சென்று சுடும்; எர்பியமும் கார்பன் டை ஆக்சைடும் கருவிழியைச் சுடும். கண்ணாடி தராமல் லேசரை இயக்கத் தொடங்கினால், கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

திசு கருகும்போது எழும் புகையில் நுண்கிருமிகளும் இருக்கலாம் என்பதால், உறிஞ்சும் குழாய் வாயருகே இருக்க வேண்டும். கதவில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா, சிகிச்சையின்போது யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிறார்களா என்பதும் ஒரு மருத்துவமனையின் ஒழுங்கைக் காட்டும். மென்திசு வேலைக்குப் பெரும்பாலும் மேலே தடவும் மருந்தோ சிறு ஊசியோ கொடுப்பார்கள். கருகிய வாடை வருவது இயல்பு. சுரீர் என்ற சூடோ வலியோ தெரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சைகை காட்டுங்கள். ஆற்றலைக் குறைத்தோ, இடைவெளி விட்டோ அவரால் தொடர முடியும்.

ஆறாம் படி: வீட்டுக்குச் சென்ற பிறகு

லேசர் பட்ட ஈறின்மேல் அடுத்த நாள் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும். அது சீழ் அன்று. புண் ஆறும்போது உண்டாகும் படலம். அதைச் சுரண்டி எடுக்கக் கூடாது. முதல் சில நாட்களுக்குக் காரம், புளிப்பு, சூடு, முறுக்கு போன்ற கெட்டிப் பண்டங்கள் ஆகியவற்றைத் தவிர்த்து, தயிர் சோறு, ஆறிய இட்லி, மோர், இளநீர் என்று இருந்துகொள்ளலாம். ஜிகர்தண்டா குளிர்ச்சிக்கு நல்லதுதான். குடித்தவுடன் வாய் கொப்பளிக்க மறக்காதீர்கள், சர்க்கரை அதிகம். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால், உணர்வு திரும்பும்வரை குழந்தைகள் உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புண் உள்ள இடத்தைத் தவிர மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்குங்கள். புகையிலையும் பாக்கும் புண் ஆறுவதைக் கெடுக்கும்.

லேசரில் இரத்தப்போக்கு குறைவு என்றாலும் அறவே இராது என்பதில்லை. சுத்தமான பஞ்சையோ துணியையோ கடித்து அழுத்தி அரைமணி நேரம் வைத்தும் இரத்தம் நிற்காவிட்டாலும், மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினாலும், காய்ச்சலோ முகவீக்கமோ வந்தாலும் மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள். சிகிச்சைக்குப் பின் அந்தப் பல்லில் குளிர்ச்சி பட்டதும் நீண்ட நேரம் நிற்கும் வலியோ, இரவில் தானாக எழும் வலியோ இருந்தால், உள்ளே கூழ் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதையும் காட்ட வேண்டும்.

புறப்படும் முன், எந்த லேசர், என்ன அலைநீளம், எவ்வளவு ஆற்றல், எந்த இடத்தில் பயன்படுத்தப்பட்டது என்பதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் காட்ட நேர்ந்தால் அது பயன்படும். திசுச் சோதனைக்கு அனுப்பியிருந்தால், புண் ஆறிவிட்டது என்று விட்டுவிடாமல் முடிவை நேரில் சென்று வாங்குங்கள். வெள்ளைத் திட்டு நீக்கப்பட்டவர்கள், அது அதே இடத்திலோ அருகிலோ மீண்டும் தோன்றக்கூடும் என்பதால், மருத்துவர் குறித்துத் தரும் மறுபரிசோதனை நாட்களில் தவறாமல் சென்று வாயைக் காட்ட வேண்டும்.